கடித்த நாயைக் கேட்டு வாங்கி வந்தேன்

போண்டாவுக்குப் பதினோரு தையல். எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதோடு சரி.

போண்டா யார் என்று கேட்கிறவர்கள் இந்தப் பக்கத்துக்குப் புதியவர்கள். பழைய வாசகர்களுக்கு அவனை நன்றாகவே தெரியும். எட்டுக் கிலோ நாய். அதில் ஒரு கிலோ வால். என் மகள் எடுத்து வளர்த்து, வெளியூரில் வேலை கிடைத்ததும் என் மடியில் போட்டுவிட்டுப் போனது. நானும் என் வீட்டுக்காரரும் பணி ஓய்வு பெற்று, நாமக்கல் வெயிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கொல்லிமலைக்குக் குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. அன்றைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவையும் வாந்தி எடுக்காமல் கடந்து வந்தவன் எங்கள் மூவரில் போண்டா ஒருவன்தான்.

சம்பவம் நடந்தது மார்கழியில். காலை ஏழு மணி இருக்கும். பால் வாங்கக் கிளம்பினேன். கூடவே போண்டா.

எங்கள் வீட்டிலிருந்து தார் ரோட்டுக்குப் போக இரண்டு வழி. ஒன்று சுற்றுவழி, கால் மணி நேரம். இன்னொன்று பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணுவின் மரவள்ளிக் காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதை, ஐந்து நிமிடம். நாங்கள் வந்த புதிதிலேயே, "காட்டுக்குள்ளயே போங்க டீச்சரம்மா, எதுக்குச் சுத்திக்கிட்டு" என்று அவராகவே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அது எங்கள் ராஜபாட்டை.

அந்தப் பாதையில்தான் செவலை வந்தான்.

செவலை, சின்னப்பொண்ணுவின் நாய். நிறத்தை வைத்து வந்த பெயர். நல்ல உயரம், நல்ல நெஞ்சு. அதுவரை எங்களிடம் குரைத்ததுகூட இல்லை. அன்றும் குரைக்கவில்லை — அதுதான் கொடுமை. ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போண்டாவைத் தூக்கி இடுப்பில் வைத்திருப்பேன். மரவள்ளி வரிசைக்குள்ளிருந்து நேராக வந்தான்... கழுத்தோடு கவ்வினான்... உதறினான்.

கையில் குடை இருந்தது. அதை வைத்து அடித்தேன். குடைதான் உடைந்தது. நான் போட்ட கூச்சலில் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்த நான்கைந்து பேர் ஓடி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வந்தது சின்னப்பொண்ணு. கையில் நிறை குடம். குடத்துத் தண்ணீர் மொத்தத்தையும் செவலையின் மூக்கு மேலேயே ஊற்றினார். மூச்சு முட்டியதும் பிடியை விட்டான். கடிக்கிற நாயை அடித்தால் பிடி இறுகும், தண்ணீர் ஊற்றினால் தளரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல குடை ஒன்று மிச்சமாகும்.

வந்தவர்களில் ஒருவர் தன் டூவீலரில் எங்களைச் செம்மேட்டுக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வழியெல்லாம் போண்டா முனகவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். 'என்னம்மா இது, நான் என்ன பண்ணினேன்?' என்று கேட்கிற பார்வை. எனக்கு அழுகை வந்தது. அறுபத்தோரு வயதில், முன்பின் தெரியாதவரின் வண்டியில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன்.

டாக்டர் சின்னப் பெண். கை மட்டும் பெரிய மனுஷியின் கை. மளமளவென்று தையல் போட்டார். முடித்துவிட்டு, போண்டாவின் மேலிருந்து அவிழ்த்த ஸ்வெட்டரை எடுத்துக் காட்டினார். கறுப்புக் கம்பளி நூலில் நானே பின்னியது. மலைக் குளிருக்கு நாய் நடுங்குமே என்று, என் பழைய சால்வையைப் பிரித்து, ஒரு மாதம் உட்கார்ந்து பின்னியது.

"இது தடிமனா இருந்ததால பல்லு ஆழமா எறங்கலம்மா. இல்லன்னா கழுத்து நரம்புக்கே போயிருக்கும்" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாருங்கள், அழுத கண்ணைத் துடைக்கும் முன்பே பெருமை! என் கைவேலைதான் என் பிள்ளையின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. இதைவிட ஒரு பட்டம் வேண்டுமா?

கடித்த நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. போண்டாவுக்கு ஊசி போட்டார். அடுத்தடுத்து எந்தெந்த நாள் வர வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். என் கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இல்லை என்று உறுதி செய்துகொண்டார்.

மறுநாள் காலையில் சின்னப்பொண்ணு வீட்டுக்கு வந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐம்பதைத் தொடும் வயது. அதிகம் பேசமாட்டார். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாயிற்று. கணவர் வருடா வருடம் கார்த்திகையில் காபி எஸ்டேட் வேலைக்கு மலையிறங்கிப் போனால் பங்குனியில்தான் திரும்புவார். அதுவரை அந்த ஒன்றரை ஏக்கர் மரவள்ளிக்கும், ஓரத்தில் சவுக்கு மரங்களில் ஏறிக் கிடக்கும் மிளகுக்கும் காவல் இரண்டே பேர். ஒன்று சின்னப்பொண்ணு. இன்னொன்று செவலை.

உள்ளே வாருங்கள் என்று நான் கூப்பிடவில்லை. வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினேன். போண்டா எப்படி இருக்கிறான் என்று கேட்டார். பதினோரு தையல் என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்பு எங்க நாயி மேலதானுங்க. என்ன பண்ணோணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார்.

சண்டைக்கு வசனமெல்லாம் தயாராக வைத்திருந்தேன். எதிராளி இப்படிச் சரணடைந்தால் என்ன செய்வது? இருந்தாலும் விடவில்லை. நாயைக் கட்டிப்போட வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், இரண்டும் உடனே நடக்க வேண்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றார். அந்த வாரமே செவலையைக் கூட்டிப்போய் ஊசியும் போட்டுவிட்டார். அதில் குறை சொல்ல முடியாது.

ஆனால் நான்காம் நாள் காலையில் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்... செவலை அவிழ்த்துவிட்டபடி காட்டுக்குள் திரிகிறான்.

வேலியோரம் போய் நின்று கேட்டேன். பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துவிட்டு, விடிந்ததும் கட்டுகிறாராம். அன்றைக்குக் கட்டக் கொஞ்சம் நேரமாகிவிட்டதாம். ராத்திரியில் காட்டுப்பன்றி இறங்குகிறது, நாய் இல்லாவிட்டால் கிழங்கு நிற்காது என்றார். எனக்கு அந்த விளக்கமெல்லாம் காதில் ஏறவில்லை. நேரமாகிவிட்டது என்றால்? அந்தக் கொஞ்ச நேரத்தில்தானே நான் பால் வாங்கப் போகிறேன்?

வீட்டுக்கு வந்து பேப்பரை எடுத்தேன்.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். மனு எழுதுவதில் எனக்கு இணை நானே. ஐயா, வணக்கம் என்று தொடங்கி இப்படிக்கு வரைக்கும் இரண்டு பக்கம். தேதி, நேரம், இடம், தையல் எண்ணிக்கை, டாக்டர் சீட்டின் நகல் — ஒன்று விடவில்லை. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் மின்கம்பத்தில் ஏறி இறங்கிய மனிதர். எதையும் தொடுவதற்கு முன்னால் ஒருமுறை யோசிப்பார்.

"பக்கத்து ஊட்டுக்காரங்க மேல மனுவா? இன்னொருக்கா நேர்ல பேசிப் பாரேன்" என்றார்.

நான் ஒரு பார்வை பார்த்தேன். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அந்தப் பார்வைக்கு அர்த்தம் அவருக்குத் தெரியும். போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

மனு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனது. இரண்டே நாளில் வார்டு மெம்பர் வந்துவிட்டார். ரோட்டோரம் நின்று எங்கள் இருவரையும் கூப்பிட்டு, மனுவை உரக்கப் படித்தார். என் வாக்கியங்களை இன்னொருவர் வாயில் கேட்க நன்றாகத்தான் இருந்தது. படித்து முடித்ததும் சின்னப்பொண்ணுவைப் பார்த்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நாய அனுப்பிச்சர்றனுங்க" என்றார். அவ்வளவுதான். திரும்பி நடந்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் எடப்புளி நாட்டிலிருந்து (இந்த மலையில் ஊர்க்கூட்டங்களுக்குப் பெயர் நாடு) அவர் தம்பி வந்து செவலையைக் கூட்டிப்போனார். கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டுச் சின்னப்பொண்ணு வீட்டுக்குள் போய்விட்டார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். வெற்றி என்றால் வெற்றிதான். நியாயம் கேட்டேன், கிடைத்தது. இதில் தயங்க என்ன இருக்கிறது?

அந்த உற்சாகத்தில் போண்டாவுக்கு இரண்டாவது ஸ்வெட்டரை ராப்பகலாகப் பின்னத் தொடங்கினேன். உயிர் காத்த ஸ்வெட்டர் கிழிந்து போயிற்றே. அதே கறுப்புக் கம்பளி நூல். இந்த முறை இரட்டை இழை. கழுத்துப் பக்கம் இன்னும் தடிப்பாக, காது வரைக்கும் ஏறி நிற்கிற மாதிரி. தையல் பிரித்து, புண் ஆறி, புது ஸ்வெட்டரோடு போண்டா வெளியே வந்தபோது குட்டிக் கரடி போலவே இருந்தான். தினமும் காலையில் அதே ஒற்றையடிப் பாதையில், இருவரும் நிமிர்ந்து நடந்தோம்.

எத்தனை நாள்? சரியாகப் பத்து நாள்.

பதினோராம் நாள் காலையில் காட்டுக்குள் கால் வைத்தால்... பாதையே இல்லை. பாதி மரவள்ளி சாய்ந்து கிடக்கிறது. மண் குழி குழியாகக் கிளறியிருக்கிறது. கடித்துத் துப்பிய கிழங்குத் துண்டுகள் வெள்ளை வெள்ளையாகச் சிதறிக் கிடக்கின்றன. நான்கைந்து பன்றிகள் குட்டிகளோடு இறங்கியிருக்க வேண்டும். உழுதாற்போல் ஆக்கிவிட்டுப் போயிருந்தன.

நடுவில் சின்னப்பொண்ணு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பன்றி வாய் வைக்காத கிழங்குகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பாத்து வாங்க, குழியா இருக்குது" என்றார்.

ஒரு சொல் குத்தலாகச் சொல்லியிருக்கலாம். 'இப்பத் திருப்திதானே' என்று கேட்டிருக்கலாம். நானாக இருந்தால் கேட்டிருப்பேன், சந்தேகமே வேண்டாம். அவர் என் கால் குழியில் மாட்டாமல் பார்த்துக்கொண்டார். அந்த இடத்தில் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

கூடையின் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். இரண்டு கிழங்கு பொறுக்கினேன். அப்போதுதான் கேட்டேன் — ஒரு மாதம் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை.

ஊரில் பத்து நாய் இருக்கிறது. கோழி இருக்கிறது, ஆடு இருக்கிறது. எதையுமே தொடாத செவலை, என் போண்டாவை மட்டும் ஏன் கடித்தான்?

சின்னப்பொண்ணு போண்டாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி போண்டாவைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தடுமாறுவது முகத்தில் தெரிந்தது. நான் விடவில்லை. மூன்று முறை கேட்டபிறகுதான் வாயைத் திறந்தார்.

"அந்தச் சட்டைதானுங்க" என்றார்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். செவலை குட்டியாக இருந்தபோது, அவர் கணவர் ஒரு பழைய கறுப்புக் கம்பளித் துண்டைக் கயிற்றில் கட்டி, மரவள்ளி வரிசைக்குள் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு ஓடுவாராம். குட்டி துரத்த வேண்டும். பாய்ந்து கழுத்துப் பக்கம் கவ்வினால் ஒரு உருண்டை களி. கவ்வி உதறினால் இரண்டு உருண்டை. ஒரு வருடம் இதே பள்ளிக்கூடம். பன்றியைத் துரத்த அங்கே நாயைப் பழக்குகிற முறை அதுதான். கறுப்பாக, ரோமமாக, குள்ளமாக, கிழங்குக் காட்டுக்குள் எது அசைந்தாலும் பிடி என்பதுதான் செவலைக்குத் தெரிந்த ஒரே பாடம். ரோட்டில் அதே நாய் ஆட்டுக்குட்டி மேல் சாய்ந்து தூங்கும்.

நான் என்ன செய்திருக்கிறேன்? என் செல்ல நாய்க்கு அன்றுதான் முதல்முறையாகக் கறுப்புக் கம்பளியைப் போர்த்தி, பனிமூட்டத்தில், அதே மரவள்ளிக் காட்டுக்குள் கூட்டிப் போயிருக்கிறேன். போதாக்குறைக்கு உடம்பு முழுக்க ரோமம் வளர்ந்த ஒரு ஜீவனுக்கு ஸ்வெட்டர்! அது குளிருகிறது என்று என்னிடம் எப்போதாவது சொன்னதா? குளிர்ந்தது எனக்கு. போட்டது அதற்கு. கீழ்நாட்டிலிருந்து மலையேறி வந்த என்னைப் போன்றவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் புத்திசாலித்தனம் இது.

கடிபட வைத்ததும் அந்த ஸ்வெட்டர். பிழைக்க வைத்ததும் அந்த ஸ்வெட்டர். பெருமைப்பட்டுக்கொண்டு இன்னொன்று, அதைவிடக் கறுப்பாக, அதைவிடக் கனமாக!

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே? மெம்பர் வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"ஆசையா பின்னிப் போட்டிருக்கீங்க. அதப் போய் எப்படிங்க குத்தம் சொல்றது?" என்றார் சின்னப்பொண்ணு.

என் இரண்டு பக்க மனுவில் எல்லாம் இருந்தது. எப்போது, எங்கே, எத்தனை தையல்... ஏன் என்கிற கேள்வி மட்டும் இல்லை. அந்த ஒரு கேள்விக்காகப் பக்கத்து வீட்டுக்குப் பத்தடி நடந்திருந்தால் இரண்டு பக்கமும் தேவைப்பட்டிருக்காது. படித்தவர்களுக்கு இது ஒரு வியாதி. நாக்கில் வர வேண்டியது பேனாவில் வந்துவிடும்.

செவலையைத் திருப்பிக் கூட்டி வந்துவிடலாம் என்றேன். சின்னப்பொண்ணு பதறிவிட்டார். தம்பி வீட்டுக்குக் கொடுத்ததை எப்படித் திருப்பிக் கேட்பது? கொடுத்துவிட்டு மூன்றே வாரத்தில் போய் நின்றால் தம்பி பெண்டாட்டி என்ன நினைப்பாள்? பன்றி மிச்சக் காட்டையும் தின்றாலும் தின்னட்டும், அதைமட்டும் செய்யமாட்டேன் என்றார். உறவுமுறையில் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். எங்கள் பக்கத்திலும் அப்படித்தான்.

"உங்களுக்குத்தானே கேக்கக் கூடாது? நான் கேக்கறேன்" என்றேன்.

அன்று மத்தியானமே கிளம்பினோம். செம்மேட்டில் ஒரு பஸ் மாறி, எடப்புளி நாட்டில் இறங்கி, அங்கிருந்து இரண்டு மைல் நடை. தம்பி வீடு கண்ணில் பட்டதும் சின்னப்பொண்ணு ஒரு பலாமரத்தடியில் நின்றுகொண்டார். "நீங்க போயிக் கேளுங்க. நான் வந்ததாவே சொல்ல வேண்டாம்" என்றார். மரத்துக்குப் பின்னால் பாதி உடம்பு தெரிகிற மாதிரி ஒரு ஒளிவு!

தம்பி நல்ல மனிதர். உட்கார வைத்து மோர் கொடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னதும், "ஏனுங்க, கடி வாங்கின நாய்க்காரங்களே வந்து கடிச்ச நாயக் கேக்கறீங்களா?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

ஆமாம் என்றேன். கம்பீரமாகத்தான் சொன்னேன். தப்பைத் திருத்தும்போது தலையைத் தொங்கப்போட வேண்டும் என்று யார் சொன்னது?

செவலையைக் காட்டினார். காபிக் களத்தின் ஓரத்தில் நான்கு காலையும் நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தான். மூன்று வாரத்தில் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டான். அவர்கள் வைத்திருப்பது காபியும் மிளகும். மரவள்ளி இல்லை, பன்றித் தொல்லையும் இல்லை. "சாப்புடுது, தூங்குது. எங்களுக்கு இதால ஒரு வேலையும் இல்லீங்க. தாராளமாக் கூட்டிட்டுப் போங்க" என்றார் தம்பி. பலாமரத்துப் பக்கம் எட்டிப் பார்த்து, "அக்காவையும் கூட்டிட்டுப் போங்க" என்றும் சொன்னார்.

பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டோம் என்றார்கள். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு செம்மேடு போகிற பிக்கப் வண்டியில் இடம் கிடைத்தது. தார்களுக்கு நடுவில் நானும் சின்னப்பொண்ணும். எங்கள் இருவருக்கும் நடுவில் செவலை. ஒரு வளைவில் வண்டி குலுங்கியபோது அவன் தலை என் முழங்காலில் வந்து விழுந்தது. எனக்குப் பயம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. இறங்கும்வரை அந்தத் தலையை எடுக்கவும் சொல்லவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஸ்வெட்டர் என் தப்பு என்பதற்காக, நாயை அவிழ்த்துவிடுவது சரி என்று ஆகிவிடாது. நாளைக்குக் கறுப்புச் சால்வை போர்த்திய ஒரு குழந்தை அந்தப் பாதையில் வரலாம். ஆகவே விடிவதற்கு முன்பே செவலை கட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்பதில் நான் இம்மியும் இறங்கவில்லை. சின்னப்பொண்ணுவும் ஒப்புக்கொண்டார். சில நாள் அவருக்கு முடியாமல் போனால் என் வீட்டுக்காரர் போய்க் கட்டுகிறார். இரும்புச் சங்கிலி அவர் உபயம். நாங்கள் இப்போது சுற்றுவழியாகத்தான் போகிறோம். கால் மணி நேரம் நடப்பது என் முழங்காலுக்கும் நல்லது.

இரண்டு நாய்களையும் பழக்கியது சின்னப்பொண்ணுவின் வேலை. போண்டாவை வெறும் உடம்போடு ரோட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் செவலை, இந்தப் பக்கம் போண்டா, இருவரும் கயிற்றில். ஒரே திசையில் பக்கத்தில் பக்கத்தில் நடக்க வைத்தோம். போண்டா முதல் மூன்று நாளும் என் காலுக்குள்ளேயே சுருண்டுகொண்டான். உடம்பு நடுங்கியது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, நிறுத்திவிடலாம் என்றேன். சின்னப்பொண்ணு அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, "ஒன்னுமில்ல சாமி, ஒன்னுமில்ல கண்ணு" என்று முதுகை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வாரத்தில் செவலை அவனை மோந்து பார்த்தான். மோந்துவிட்டுக் கொட்டாவி விட்டான். தன்னைப் பன்றி என்று நினைத்தவன் இப்போது ஒன்றுமே இல்லை என்று நினைக்கிறானே என்று போண்டாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

மிச்சமிருந்த பாதிக் காடு தப்பித்தது. போன வாரம் கிழங்கு பிடுங்கி லாரி ஏற்றினார்கள். சின்னப்பொண்ணுவின் கணவர் வந்து பாதிதானே என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று நான்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவையும் எழுதி முடித்தேன். இன்னொருவரைப் பற்றி எழுதினால் அவரிடம் காட்டிவிட்டு அனுப்ப வேண்டும் இல்லையா? முதல் மனுவைத்தான் காட்டாமல் அனுப்பினேன். இதையாவது காட்டுவோம் என்று நேற்று சாயங்காலம் எடுத்துக்கொண்டு போனேன். சின்னப்பொண்ணு முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி வீட்டுக்குள் இருக்கிறது, நீங்களே படிங்க என்றார். படித்தேன்.

ஸ்வெட்டர் வந்த இடத்தில் சிரித்தார். பலாமரத்தடி வந்த இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். படித்து முடித்து, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பாராட்டுக்குத்தான் காத்திருந்தேன், மறைப்பானேன்?

"நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். முறத்தைக் கீழே வைத்தார். "அன்னைக்கு நீங்க சொன்னத மட்டும் எழுதலீங்களே, டீச்சரம்மா. அந்த மனுவுலயும் எழுதலீங்க. இதுலயும் எழுதலீங்க."

எது என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர் குடத்துத் தண்ணீரை ஊற்றி, செவலை பிடியை விட்ட பிறகு, நான் போண்டாவை அள்ளிக்கொண்டு அவரைப் பார்த்து ஒன்று சொன்னேன். பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, வகுப்பறைக் குரலில் சொன்னேன்.

'மலைக்காரங்க வளத்த நாய், மலைக்காரங்க மாதிரித்தானே இருக்கும்.'

அவர்கள் ஊரில் நான்கு வருடம் குடியிருந்து, அவர்கள் காட்டுக்குள்ளேயே நடந்து பழகி, இதைச் சொன்னேன். சின்னப்பொண்ணு அதைக் கேட்டுக்கொண்டுதான் காலிக் குடத்தோடு நின்றார். மறுநாள் வாசலில் நின்று, தப்பு எங்கள்மேல்தான் என்று சொன்னதும், பன்றி தின்ற காட்டில் பாத்து வாங்க என்று சொன்னதும் அதைக் கேட்ட பிறகுதான்.

"எழுதறேனுங்க" என்றேன். அவர் முறத்தை எடுத்துக்கொண்டார்.

எழுதிவிட்டேன்.

அன்று காலையில் அந்தக் காட்டுக்குள் கடித்தது இரண்டு பேர். ஊரைவிட்டு அனுப்பியது செவலையை மட்டும்தான்.